விண்கப்பலுக்குக் கடைசிப் பந்தி கிடையாது

எனக்குக் கன்னடம் சொல்லிக்கொடுத்தது ஒரு விண்கப்பல். பள்ளிக்கூடமும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கப்பலுக்குள் ஒரே ஒரு தடவை போய், ஒரே ஒரு சீட்டில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். போன தசரா லீவில் அதன் வாசல் வரைக்கும் போய் நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் அந்தியூர்ப் பக்கம் பிறந்தவள். கணவருக்குச் சொந்த ஊர் மலை தாண்டி கர்நாடகத்தில் இருக்கிற ராமாபுரம். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெண் கொடுத்து எடுப்பது எங்களில் வழக்கம்தான். அவருக்கு மைசூரில் தொழிற்சாலை வேலை. கல்யாணமான கையோடு மண்டி மொஹல்லாவில் ஒரு வெங்காய குடோனுக்கு மேலே ஒற்றை அறையில் கொண்டுவந்து இறக்கினார். அவருக்குத் தாய்மொழி மாதிரி கன்னடம் வரும். எனக்குத் தண்ணீருக்கு 'நீரு', சாப்பாட்டுக்கு 'ஊட்டா', இரண்டும்தான். சாயந்திரம் அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனால் காலையில்தான் வருவார். கீழே ஆட்டோவும் ஸ்கூட்டரும் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அத்தனை சத்தத்துக்கு நடுவில் என்னோடு பேச ஒரு ஜீவன் கிடையாது. என் அப்பா சீராகக் கொடுத்த டிவி மட்டும் இருந்தது.

அதில்தான் அந்த சீரியல் வந்தது. கன்னட சீரியல். மாமியார் மருமகள் சண்டை எதுவும் இல்லாத ஒரே சீரியல். பூமியிலிருந்து கிளம்பிய ஒரு கப்பல் வழி தவறி எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும். செட்டெல்லாம் தெர்மாகோல் என்று எனக்கே தெரியும். கதவு திறக்கும்போது சுவர் ஆடும். ஆனால் வசனம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு வார்த்தையும் அழுத்தித் திருத்திப் பேசுவார்கள், மேடையில் பேசுகிற மாதிரி. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கன்னடம் பேச ஆரம்பித்தேன். டவுன் பஸ்ஸில் ஸ்டாப் வந்ததும் கண்டக்டரிடம், "இளியலு அனுமதி கொடி" என்று கேட்டேன். இறங்குவதற்கு அனுமதி அளியுங்கள் என்று அர்த்தம். பஸ்ஸே சிரித்தது. குழாயடியில் தண்ணீர் வந்ததும், "எல்லரூ சித்தராகி" என்று கேப்டன் மாதிரி எல்லாரையும் தயாராகச் சொன்னேன். அந்தத் தெருவில் எனக்கு ரொம்ப நாள் கேப்டன் என்றே பெயர். அப்படியாவது என்னைக் கூப்பிட்டார்களே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் எனக்குப் பிடித்தது கேப்டன் இல்லை. மூலையில் ஒரு சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காதில் பெரிய ஹெட்போன், முன்னால் ஒரு மைக், மைக்குக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. தினமும் ஒரு தடவையாவது மைக்கில் குனிந்து, "அல்லி யாராதரூ இத்தீரா?" என்று கேட்பாள். அங்கே யாராவது இருக்கிறீர்களா? பதிலே வராது. மறுநாளும் கேட்பாள். அந்த அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு நானும் அவளோடு சேர்ந்து வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். சில நாள் அழுதும் இருக்கிறேன், மறைப்பதற்கு என்ன. அவளுக்குப் பதில் வந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் அந்தப் பாவிகள் சீரியலையே நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு சமையல் நிகழ்ச்சி வந்தது.

இதையெல்லாம் என் கணவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சாப்பாடு போடும்போது சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன், மகளுக்குக் காய்ச்சலாக இருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பொழுது போகாமல் சொல்லியிருக்கிறேன். "ம்" என்பார்.

வருஷங்கள் ஓடி, மகள் பி.யூ.சி. படிக்கிற அளவுக்கு வளர்ந்தாள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வரும். போன வருஷம் ஒருநாள் அவள்தான் போனைக் கொண்டுவந்து காட்டினாள். யாரோ அந்த சீரியலின் பழைய செட்டையெல்லாம் வாங்கி, பழுது பார்த்து, ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய தகர ஷெட்டுக்குள் கப்பலாகவே கட்டி வைத்திருக்கிறார்களாம். டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். எல்லா சீட்டிலும் உட்காரலாம். மூலை சீட்டில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் பேசினால், சிவப்பு பல்பு எரிந்து ஹெட்போனில் ஒரு பதில் வருமாம். என்ன பதில் என்று அவள் தேடிப் பார்க்கப் போனாள். நான் போனைப் பிடுங்கினேன். நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன், யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன்.

அன்றிலிருந்து கணவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். போலாம் போலாம் என்றார். ஒரு மாதம் ஓவர்டைம். ஒரு மாதம் அவர் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சரி, நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்றால், தனியாகவா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். தையல் யூனிட்டுக்குத் தினமும் இரண்டு பஸ் மாறித் தனியாகத்தானே போய்வருகிறேன்? அதற்கு யாரும் எதுவும் நினைப்பதில்லை. வேலைக்குத் தனியாகப் போனால் பொறுப்பானவள், வேடிக்கை பார்க்கத் தனியாகப் போனால் மட்டும் ஒரு மாதிரி. எந்த ஊர் நியாயமோ.

அப்புறம் அறிவிப்பு வந்தது. தசரா லீவு முடிகிற ஞாயிறோடு கப்பலைப் பிரித்து வேறு ஊருக்கு எடுத்துப் போகிறார்கள். அந்த ஞாயிறு போகலாம் என்று கணவர் ஒரு வழியாக ஒப்புக்கொண்டார். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த வாக்கியமும் வந்துவிட்டது. ஊரிலிருந்து எல்லாரும் லீவுக்கு வருகிறார்கள், எல்லாருமாகவே போய்விடலாம் என்றார்.

எல்லாரும் என்றால் மாமியார், மூத்தார் குடும்பம், அதாவது என் கணவரின் அண்ணன் வீட்டார், நாத்தனார் குடும்பம். எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர். விடிவதற்கு முன்னால் எழுந்து புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டினேன். மாமியாருக்குச் சர்க்கரை, அவருக்குத் தனியாகக் கோதுமை உப்புமா. மூத்தாருக்குப் பூண்டு ஆகாது. அவர் டப்பா தனி. பிள்ளைகளுக்குக் காரம் இல்லாமல் ஒன்று. எது யாருடைய டப்பா என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கெட்டிக்காரி என்று எல்லாரும் மெச்சினார்கள்.

வேன் நேராகக் கப்பலுக்கா போகும்? மைசூருக்கு வந்துவிட்டு மலைமேல் இருக்கிற அம்மனைப் பார்க்காமல் வேறெங்கும் போகக் கூடாது என்றார் மாமியார். சரி, சாமி விஷயம். லீவு நாள், மலையில் வரிசை நெளிந்து நெளிந்து நின்றது. இறங்கியதும் பிள்ளைகளுக்கு ஜூ. ஒட்டகச்சிவிங்கி முன்னால் நாத்தனார் கணவர் நின்ற நேரத்தில் நான் ஒரு சட்டையே தைத்திருப்பேன். அப்புறம் ஒரு மரத்தடியில் சாப்பாடு. அப்புறம் மைசூர்பாக் வாங்க ஒரு கடை. அங்கே சரியில்லை என்று இன்னொரு கடை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தேன். நேரமாகிறது என்று இரண்டு தடவை சொன்னேன். அது எங்கே போகப் போகிறது, தகரக் கொட்டாய்தானே என்றார் மூத்தார். போகத்தான் போகிறது, மறுநாள் லாரியில் ஏறிப் போகப் போகிறது. மூத்தாரிடம் அப்படியெல்லாம் எதிர்த்துப் பேச முடியுமா?

ரிங் ரோடு போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஷெட்தான். ஆனால் வாசலில் அந்த வட்டக் கதவு இருந்தது. ஓரத்தில் பெயிண்ட் உரிந்த அதே நீலக் கதவு. கணவர் பதினொரு டிக்கெட் வாங்கிவந்தார். என்னையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார், அதைச் சொல்லாவிட்டால் எனக்குத்தான் பாவம்.

வாசலில் நின்ற காவலாளி, ஒரு பேட்சுக்குப் பத்துப் பேர்தான் என்றார். இந்த பேட்ச் போய் வந்ததும் இன்னும் ஒரே ஒரு பேட்ச், அதோடு சரி, மூடிவிடுவார்கள் என்றும் சொன்னார். நாங்கள் பதினொரு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது என் வாய்தான் சொன்னது. யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. "நீங்க எல்லாரும் மொதல்ல போயிட்டு வாங்க, நான் அடுத்ததுல வர்றேன்."

எங்கள் வீடுகளில் விருந்து என்றால் வந்தவர்கள் முதல் பந்தி, வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தி. அதிலும் வீட்டுப் பெண்களுக்குக் கடைசிக்கும் கடைசி. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய பழக்கம். கடைசிப் பந்தியில் வடை தீர்ந்திருக்கலாம், பாயசம் அடிச்சட்டியில் இருக்கலாம். ஆனால் பந்தி என்று ஒன்று நிச்சயம் இருக்கும். இலை போட்டு உட்காராமல் யாரும் அடுப்பை அணைக்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் சொல்லிவிட்டேன். டிக்கெட் கிழித்து உள்ளே விடுகிற இடத்தில் போய் நான் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

வேண்டாம், நீதானே ஆசைப்பட்டாய், நீ போ என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம். மகள் மட்டும் திரும்பி, "அம்மா, நீனு ஹோகல்வா?" என்று கேட்டாள். நீ போகலையா என்று. போடி, நான் வருவேன் என்று அவளையும் அனுப்பிவைத்தேன். எல்லாரும் இயல்பாகச் செருப்பைக் கழற்றி என் காலடியில் விட்டார்கள். கப்பலுக்குள் செருப்போடே போகலாம் என்று காவலாளி சொன்னார், யாரும் கேட்கவில்லை. பைகள் ஒவ்வொன்றாக என் தோளுக்கு வந்தன. வட்டக் கதவு அந்தப் பழைய சத்தத்தோடு மூடியது.

நான் கடைசி பேட்ச் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் கப்பலின் உறுமல் கேட்டது. எனக்கு அந்தச் சத்தத்தில் ஒவ்வொரு இடமும் தெரியும். இப்போது என்ஜின் அறையில் இருப்பார்கள், இப்போது கேப்டன் அறைக்கு வந்திருப்பார்கள், மூலை சீட்டு வலது பக்கம். மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நாற்பது தாண்டிய பொம்பளை, தோளில் நாலு பை, இதழோரம் சிரிப்பு. என்னைப் பார்த்தவர்கள் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கதவு திறந்து எங்கள் ஆட்கள் வெளியே வந்தார்கள். பைகளை நாத்தனாரிடம் நீட்டினேன். வாங்கக் கை நீட்டியவள், திரும்பி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் படியில் உட்கார்ந்துகொண்டு, நடந்தது களைப்பாக இருக்கிறது, வாய்க்கு ஏதாவது போட்டால் தேவலை என்றார். அவருடைய டப்பாவை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். நாத்தனார் புளிசாதத்தைத் திறந்தாள். அது இல்லை, பச்சை மூடி என்றேன். தயிர்சாதத்தைத் திறந்தாள். "அண்ணி, நீங்களே எடுத்துக் குடுத்துருங்க, உங்களுக்குத்தான தெரியும்" என்றாள்.

ஒரு நிமிஷ வேலை. வரிசையை விட்டு வந்து உப்புமாவை எடுத்துக் கொடுத்தேன். டப்பாக்களைத் திறந்ததும் பிள்ளைகளுக்கும் பசி வந்துவிட்டது. மூத்தார் தம்மால் யாருக்கும் சிரமம் வேண்டாம், ஒரு கை தயிர்சாதம் போதும் என்றார். என் கை தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கண் கதவிலேயே இருந்தது. காவலாளி வரிசையில் நின்றவர்களை உள்ளே விட ஆரம்பித்தார். நல்ல மனிதர், என்னைத் தேடிப் பார்த்து, "மேடம், பர்தீரா?" என்று கூப்பிட்டார். வருகிறீர்களா என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சோற்றுக் கையை ஆட்டிப் பதில் சொன்னார்: "அவரு ஆமேலெ பர்தாரெ." அவங்க அப்புறம் வருவாங்க என்று.

அப்புறம் என்று எதுவும் கிடையாது என்று அந்த மனிதருக்குத் தெரியும். ஆனால் புருஷனே சொல்கிறார், அவர் என்ன செய்வார்? பின்னால் நின்ற ஒரு ஜோடியை உள்ளே விட்டு எண்ணிக்கையை முடித்துவிட்டார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வட்டக் கதவு மூடியிருந்தது.

காவலாளியிடம் எனக்குத் தெரிந்த கன்னடம் அத்தனையும் பேசினேன். கோபம் வந்தால் எனக்கு இப்போதும் அந்த மேடைக் கன்னடம்தான் வரும். டிக்கெட் இருக்கிறது, நான்தான் முதலில் நின்றேன், ஒரு ஆள் கூடுதலாகப் போனால் கப்பல் கவிழ்ந்துவிடுமா என்றெல்லாம் கேட்டேன். அவர் பாவம், இரண்டு கையையும் விரித்தார். உள்ளே கூட்டம் கூடினால் கேமராவில் பார்த்து அவர் சம்பளத்தில் பிடிப்பார்களாம். இது முடிந்ததும் கரண்ட்டை அணைத்து வயரைப் பிடுங்கிவிடுவார்கள், லாரி வந்து நிற்கிறது என்று கை காட்டினார். ஷெட்டுக்குப் பின்னால் நிஜமாகவே லாரி நின்றது. அதில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தேன். முகத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஏதோ புரிந்தது. ஆளுக்கு ஒரு ஆறுதல் சொன்னார்கள். உள்ளே ஒண்ணுமே இல்லை அண்ணி, நீங்க வராததே நல்லது என்றாள் நாத்தனார். வெறும் அட்டை, பல்பு பல்பாக எரிகிறது, அவ்வளவுதான் என்றார் அவள் கணவர். எனக்கு ஒரே புழுக்கம், எப்போது வெளியே விடுவார்கள் என்று இருந்தது என்றார் மாமியார். ஒண்ணுமே இல்லாததைப் பார்க்கவா இத்தனை பேர் முதல் பந்தியில் போனீர்கள் என்று கேட்க வாய் துடித்தது. டப்பாக்களை மூடி, இலைக் குப்பையைப் பொறுக்கி, தொட்டியில் போட்டுவிட்டு வேனில் ஏறினேன். அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேன் நகர்ந்ததும் நான் ஒவ்வொருத்தராகக் கேட்டேன். ஹெட்போன் சீட்டில் உட்கார்ந்தது யார்? மைக்கில் பேசினீர்களா? என்ன பதில் வந்தது? நாத்தனாருக்கு ஹெட்போன் எதுவும் பார்த்த ஞாபகமே இல்லை. பிள்ளைகள் கேப்டன் சீட்டுக்கு அடித்துக்கொண்டதில் வேறெங்கும் போகவில்லை. மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாளாம். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். பத்துப் பேர் போய்வந்தார்கள், ஒரு ஆளுக்குத் தெரியவில்லை.

கோபமா என்று என் கணவர் கேட்டார். சமாதானமாகப் போனை என்னிடம் நீட்டினார். "எல்லாத்தையும் ஃபோட்டோ புடிச்சிருக்கறேன், பாரு. போன மாதிரியேதான் இருக்கும்."

பார்த்தேன். கேப்டன் சீட்டில் பிள்ளைகள். கேப்டன் சீட்டில் மூத்தார், பக்கத்தில் அவர் மனைவி. எல்லாரும் சேர்ந்து நின்று சிரிக்கிற ஃபோட்டோ. அடுத்ததும் அதே, யாரோ கண்ணை மூடிவிட்டதால் திரும்ப எடுத்தது. ஒவ்வொன்றிலும் அவர்கள் தோளுக்குப் பின்னால், வலது பக்கம் மூலையில், அந்த சீட்டு தெரிந்தது. கைப்பிடியில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பல்பு எரியவில்லை.

"இந்த சீட்டுல யாருமே உக்காரலைங்களா?" என்று கேட்டேன்.

"எந்த சீட்டு?"

"நான் உக்காரோணும்னு இத்தனை வருசமா சொல்லிட்டிருந்தனே, அந்த சீட்டு."

அவர் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார்.

"இதா?" என்றார். "இது சும்மா காலியாத்தான கெடந்துச்சு."